யாழ்ப்பாணத்தில ரோட் சைக்கிள் கிளப்பில சேரப் போறியளோ? முதல் ஓட்டத்தில இருந்து முதல் றேஸ் வரைக்கும் முழு விபரம்

யாழ்ப்பாணத்தில சைக்கிள் ஓடத் தெரியாத ஆளைக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம். பள்ளிக்கூடத்துக்கு ஓடினனாங்கள், ரியூசனுக்கு ஓடினனாங்கள், தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாத காலத்தில விறகு மூட்டையில இருந்து வருத்தக்காரர் வரைக்கும் சைக்கிளிலதான் போனது, தைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஊர் இது. அதாலதான் கிளப்பில சேர வாற பெடியள் அரைவாசிப்பேர் "எனக்கு ஓடத் தெரியும்தானே அண்ணை" எண்டு தொடங்குவினம். தெரியும்தான். ஆனா தனிய ஓடுறதும், முன்னால போறவரின்ட பின் சில்லுக்கு ஒரு முழம் தள்ளி முப்பது கிலோமீற்றர் வேகத்தில பத்துப் பேரோட ஒண்டா ஓடுறதும் ரெண்டு வேற விஷயம். கிளப் எண்டதே இந்த ரெண்டாவது விஷயத்தைப் பழகுறதுக்குத்தான், மிச்சமெல்லாம் யூரியூப்பில பாத்தே பழகலாம்.

உங்களுக்கு என்ன வேணும்?

கிளப் எண்டு ஒரு பேர்தான், உள்ளுக்கு நாலு விதமான ஆக்கள் இருப்பினம். உடம்பைக் குறைக்க வாறவை, ஊர் சுத்திப் பாக்க வாறவை, நூறு இருநூறு கிலோமீற்றர் எண்டு தூரப் பைத்தியம் பிடிச்சவை, பிறகு றேஸ்காரர். நீங்கள் இதில ஆர் எண்டு முதல்ல ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. நெடுந்தூரம் ஆறுதலா ஓடிக்கொண்டு குறிகட்டுவானில இறங்கி நயினாதீவு போய்க் கும்பிட்டுட்டு வரவேணும் எண்டு நினைக்கிற ஆள் றேஸ் பெடியளோட போய்ச் சேந்தா ரெண்டாம் கிழமையோட நிப்பாட்டிடுவார். றேஸ் ஆசையுள்ள பதினெட்டு வயசுப் பெடியன் தேத்தண்ணிக் கடைக்குக் கடை நிண்டு போற குறூப்பில சேந்தாலும் அதே கதைதான்.

ரெண்டுமே வேணும் எண்டா, முதல் ஆறு மாசம் ரூர் ஓடுறவையோட ஓடுங்கோ, பிறகு றேஸ் பக்கம் போங்கோ. தூரம் ஓடின கால் றேசுக்கு உதவும், கூட்டத்தில பயமில்லாமல் ஓடவும் ஆறுதலான ஓட்டத்திலதான் பழகலாம்.

கிளப்பை எங்க பிடிக்கிறது

இஞ்ச பெரும்பாலும் மூண்டு மாதிரி இருக்கும். ஒண்டு ஊர் விளையாட்டுக் கழகம், உதைபந்தாட்டமும் கிரிக்கெற்றும்தான் அவைக்குப் பிரதானம், சைக்கிள் ஓட்டம் ஆண்டு விழாவுக்கும் பொங்கல் சித்திரை வருசத்துக்கும் மட்டும் வரும். ரெண்டாவது நண்பர்மார் சேந்து வட்ஸ்அப்பில நடத்துற விடியக்காலைக் குறூப்புகள், பதிவு கிதிவு ஒண்டும் இருக்காது, ஆனா கிழமைக்கு மூண்டு நாள் தவறாமல் ஓடுவினம். மூண்டாவது ஒரு பழைய றேஸ்காரரோ பயிற்சியாளரோ நாலைஞ்சு பெடியளை வைச்சுப் பழக்கிற ரீம்.

தேடுறதுக்கு லேசான வழி ஞாயிற்றுக்கிழமை விடிய அஞ்சரை ஆறு மணிக்குப் பண்ணைப் பக்கம் போய் நிக்கிறது. தீவுப் பக்கம் போறதெண்டா அந்த றோட்டாலதான் போகவேணும், ஹெல்மெற் போட்டுக்கொண்டு நாலைஞ்சு பேர் வரிசையாப் போறதைக் கண்டா திரும்பி வரேக்க மறிச்சுக் கதையுங்கோ, போகேக்க மறிச்சா ஒருத்தரும் நிக்க மாட்டினம். அடுத்தது சைக்கிள் கடை. கியர் சைக்கிள் திருத்தத் தெரிஞ்ச கடைக்காரர் ரவுணில கொஞ்சப் பேர்தான், ஆர் ஆர் எங்க ஓடுகினம், ஆர் ஒழுங்கான ஆக்கள், ஆர் கடன் வைச்சிருக்கினம் எல்லாம் அவருக்குத் தெரியும். பதிவு செய்த கழகம்தான் வேணும், பிறகு மாவட்டம் மாகாணம் எண்டு றேஸ் ஓட வேணும் எண்டா உங்கட பிரதேச செயலகத்தில விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிட்டக் கேளுங்கோ, பதிவு செய்த கழகங்களின்ட விபரம் அவரிட்ட இருக்கும்.

குறூப்பைக் கண்டுபிடிச்ச உடன காசு கட்டிச் சேராதேங்கோ. ரெண்டு மூண்டு ஓட்டம் விருந்தாளி மாதிரிப் போய் ஓடிப் பாருங்கோ. நான் பாக்கச் சொல்லுறது முக்கியமா ஒண்டு: கடைசியா வாற ஆளை என்ன செய்யினம். திரும்பிப் பாக்கினமோ, சந்தியில நிக்கினமோ, பின்னுக்கு அனுபவமான ஆள் ஒருத்தர் அவரோட வாறாரோ, இல்லாட்டி "உவர் வருவார்" எண்டு சொல்லிப்போட்டு முன்னால பறக்கினமோ. கெதியா ஓடுற ஓட்டத்தில நிக்க மாட்டம் எண்டு வெளிக்கிட முதலே சொன்னா அது நேர்மை, அதில குறை இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் புது ஆளை ஆனையிறவு வெளியில விட்டுட்டுப் போற குறூப் எண்டா எவ்வளவு நல்ல சைக்கிள் வைச்சிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இதோட வேற சில கேள்வியும் கேளுங்கோ. ஹெல்மெற் இல்லாமல் வந்தா ஓட விடுவினமோ? சராசரி வேகம் எவ்வளவு? (28 எண்டு சொல்லிப்போட்டு 34 இல போற ஆக்கள் எல்லா ஊரிலயும் இருக்கினம், ரெண்டு பேரிட்டக் கேட்டுப் பாருங்கோ.) ஆராவது விழுந்தா என்ன செய்யிறது எண்டு ஏதாவது ஒழுங்கு வைச்சிருக்கினமோ? பெண் பிள்ளையள் ஓடுகினமோ? கடைசிக் கேள்விக்கு வாற பதிலிலயே அந்தக் குறூப்பின்ட குணம் பாதி விளங்கிடும்.

சைக்கிள்: என்ன வேணும், என்ன வேண்டாம்

கார்பன் சைக்கிள் வாங்கித்தான் கிளப்புக்குப் போகவேணும் எண்டு ஆராவது உங்களுக்குச் சொல்லியிருந்தா அவர் விக்கிறதுக்கு ஒண்டு வைச்சிருக்கிறார் எண்டு அர்த்தம். UCI எண்ட உலக சைக்கிளோட்ட சம்மேளனம், இனி நான் தமிழிலயே யூசிஐ எண்டு எழுதுறன், 6.8 கிலோவுக்குக் குறைஞ்ச சைக்கிளை றேசில விடாது. உலகத்தில பெரிய ஆக்களே அதில நிக்கினம். மலையில்லாத எங்கட ஊரில ரெண்டு கிலோ கூடக் குறையிறதால வாற வித்தியாசம் மிச்சம் சின்னன், அதைவிட நல்ல ரயர் போட்டு, குனிஞ்சு ஓடப் பழகினா கூட நன்மை.

ஜப்பானில இருந்து வாற பாவிச்ச ரோட் சைக்கிள் ஒண்டு தொடங்க நல்லாக் காணும். வாங்கேக்க பாக்கவேண்டியது: பிறேம் வெடிச்சிருக்கோ, முக்கியமா பெயின்ற் மடிஞ்ச மாதிரி இருக்கிற இடங்கள், சில்லைச் சுத்தி விட்டா நெளியுதோ (கொஞ்ச நெளிவு எண்டா கடையில நிமித்தலாம்), செயின் இழுபட்டிருக்கோ, எல்லாத்தையும் விட அளவு. பெரிய சைக்கிளை மலிவு எண்டு வாங்கினா பிறகு நாரிதான் காசு கட்டும்.

சீற் உயரம் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும், ஏனெண்டா எங்கட ஆக்கள் எல்லாரும் ரெண்டு காலும் நிலத்தில முட்டுற அளவுக்குச் சீற்றைப் பதிச்சு வைச்சுத்தான் ஓடிப் பழக்கம். சந்தைக்குப் போக அது சரி. நூறு கிலோமீற்றருக்கு முழங்கால் போயிடும். சுவரைப் பிடிச்சுக்கொண்டு சீற்றில இருந்து, குதிக்காலைப் பெடலில வைச்சு, பெடலைக் கீழ விடுங்கோ, கால் முழுசா நீளவேணும். அதுதான் உங்கட உயரம். பிறகு ஓடேக்க முன்பாதத்தால உழக்கினா முழங்கால் தானா லேசா மடிஞ்சிருக்கும். முதல் ரெண்டு நாள் நிப்பாட்டி இறங்க அந்தரமாத்தான் இருக்கும், பழகிடும்.

ரயர் விஷயத்தில ஒரு பெரிய குழப்பம் இருக்கு. எங்கட லுமாலா, றலி மாதிரிப் பெரிய சைக்கிளுக்கு 28 இஞ்சி ரயர் எண்டு கடையில தருவினம், ரோட் சைக்கிள் ரயரையும் சில இடத்தில 28 எண்டு சொல்லுவினம். ரெண்டும் ஒண்டில்லை. பழைய சைக்கிளின்ட றிம் பெரும்பாலும் 635 மில்லிமீற்றர், ரோட் சைக்கிளின்ட 700சி றிம் 622. ரயரின்ட பக்கத்தில 28-622 எண்ட மாதிரிச் சின்னதா அடிச்சிருக்கும், அந்தக் கடைசி மூண்டு இலக்கத்தைப் பாத்து வாங்குங்கோ. அதோட ரோட் சைக்கிளின்ட றிமில ஓட்டை சின்னன், 6 மில்லிமீற்றர் மட்டில, பிரெஸ்ரா வால்வு எண்ட மெல்லிசு வால்வுதான் போகும். வழமையான வால்கட்டை வைச்ச ரியூப் அதுக்குள்ள போகாது. அதால புங்குடுதீவில காத்துப் போனா அங்க உள்ள கடையில உங்களுக்கு ரியூப் கிடைக்கும் எண்டு நம்பிப் போகாதேங்கோ. ரெண்டு ரியூப், ஒட்டுப் போடுற சாமான், ரயர் நெம்புற பிளாஸ்ரிக் தடி ரெண்டு, சின்னப் பம், அலன் கீ செற், இவ்வளவும் எப்பவும் சைக்கிளோட இருக்கவேணும். பிரெஸ்ரா வால்வுக்குப் பூட்டுற சின்னப் பித்தளைத் துண்டு ஒண்டும் விக்கும், அது இருந்தா பெற்றோல் செற்றிலயும் காத்தடிக்கலாம்.

ரயர் அகலம் 25 மில்லிமீற்றரை விட 28 தான் எங்கட றோட்டுக்குச் சொல்லுவன், ஒழுங்கையள் வழிய போறவை 32 போட்டாலும் நட்டமில்லை. எழுபது கிலோ ஆளுக்கு 28 இல காத்து அழுத்தம் 75, 80 பிஎஸ்ஐ காணும். கல்லு மாதிரி காத்தடிச்சா வேகம் எண்டது பழைய கதை.

லைற் முன்னுக்கும் பின்னுக்கும் கட்டாயம். ஆறு மணிக்குத்தான் சூரியன் வரும், நீங்கள் வெளிக்கிடுறது இருட்டுக்குள்ள.

கிளப்புக்குப் போக முதல் தனிய கொஞ்ச நாள்

ஒரு நாளைக்கு நாப்பது கிலோமீற்றர், நிக்காமல், மணிக்கு 22, 24 வேகத்தில போய் வரக்கூடிய ஆள் எண்டா எந்த ஆறுதலான குறூப்பிலயும் சமாளிக்கலாம். காங்கேசன்துறை வீதியால கீரிமலை போய்த் திரும்பினா கிட்டத்தட்ட அந்தத் தூரம் வந்திடும். இந்தக் காலத்தில மூண்டு விஷயம் பழகுங்கோ: ஒரு கையால ஓடிக்கொண்டு போத்தல் எடுத்துக் குடிச்சுத் திரும்ப வைக்கிறது, சைக்கிள் ஆடாமல் பின்னால திரும்பிப் பாக்கிறது, வெள்ளைக் கோட்டில நேரா ஓடுறது. பெடலை ஒரு நிமிசத்துக்கு 80, 90 தரம் சுத்தவேணும். பாரமான கியரைப் போட்டு மிதிச்சு மிதிச்சு ஓடுறது பலம் எண்டு நினைக்கிறவை கன பேர், அது முழங்காலுக்குக் கேடு.

முதல் குறூப் ஓட்டம்

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிசம் முதல் போங்கோ. "இந்தா வாறன், ஆரியகுளத்தடியில நிக்கிறன்" எண்டு போன் எடுக்கிற ஆளைப் பத்துப் பேர் பாத்துக்கொண்டு நிண்டா முதல் நாளே பேர் கெட்டிடும். ஓட்டத்தை நடத்துறவர் ஆரெண்டு கேட்டு, "நான் புதுசு" எண்டு சொல்லுங்கோ. வெக்கப்படத் தேவையில்லை, சொல்லாட்டித்தான் ஆபத்து.

இனி முக்கியமான கதை. முன்னால ஒரு ஆள் காத்தை வெட்டிக்கொண்டு போனா பின்னால வாறவருக்கு வேலை மூண்டில ஒரு பங்கு வரைக்கும் குறையும். அதுக்காகத்தான் எல்லாரும் ஒட்டி ஓடுறது. புது ஆள் முதல்ல ஒரு மீற்றர் தள்ளியே ஓடுங்கோ, பழகப் பழகக் கிட்டப் போகலாம். முன்னால உள்ளவரின்ட சில்லையே பாத்துக்கொண்டு ஓடாதேங்கோ, அவரின்ட தோளுக்கு மேலால, அவருக்கு முன்னால போற ஆளைப் பாருங்கோ, அப்பதான் என்ன வருகுது எண்டு முதலே தெரியும்.

உங்கட முன் சில்லு ஒருநாளும் முன்னால உள்ளவரின்ட பின் சில்லுக்குப் பக்கத்தில போய் நிக்கக்கூடாது. அவர் ஒரு குழிக்கு விலத்தினா ரெண்டு சில்லும் உரசும், விழுறது நீங்கள்தான், அவர் இல்லை, உங்களுக்குப் பின்னால வாறவையும் உங்கட மேலதான் விழுவினம். குறூப்பில நடக்கிற விழுகையில பாதி இதாலதான் எண்டு எந்தப் பழைய ஓட்டக்காரரும் சொல்லுவார்.

பிறேக்கைச் சடாரெண்டு பிடிக்காதேங்கோ. கிட்டப் போயிட்டியள் எண்டா உழக்கிறதை விட்டு, கொஞ்சம் நிமிந்திருந்தாலே காத்து உங்களைப் பிடிச்சுக் குறைச்சுவிடும். சீற்றில இருந்து எழும்பேக்கயும் கவனம், எழும்புற அந்த நேரத்தில சைக்கிள் ஒரு சாண் பின்னுக்குப் போகும், பின்னால உள்ளவரின்ட சில்லில முட்டும். ஒரு கியர் பாரமாக்கி, மிதி கீழ போகேக்க அழுத்திக்கொண்டே எழும்பினா பின்னுக்குப் போகாது.

சத்தம் போடவேணும். "குழி!", "மணல்!", "மாடு!", "பின்னால பஸ்!", "நிப்பாட்டுறம்!" எண்டு முன்னால உள்ளவர் சொன்னா நீங்களும் சொல்லி, கையால காட்டி, பின்னுக்குக் கடத்துங்கோ. எங்கட றோட்டில கட்டாக்காலி மாடுதான் ராசா, விடியப்புறம் சூடான தாரில படுத்திருக்கும், கறுப்பு மாடு எண்டா லைற் வெளிச்சத்திலயும் தெரியாது. நாய் கலைச்சா வேகத்தைக் கூட்டி வளைச்சு ஓடாதேங்கோ, நேரா ஓடுங்கோ, ஒருத்தர் சத்தமா அதட்டினாக் காணும். பெப்ரவரி மார்ச்சில அரிவி வெட்டு முடிய றோட்டில நெல் காயப் போட்டிருப்பினம், அதில ஏறினா சறுக்கும், காயப் போட்ட சனத்தின்ட ஏச்சும் விழும். ரயில் கடவையில தண்டவாளத்தை நேரா, குறுக்கால வெட்டித் தாண்டுங்கோ, சரிவாப் போனா 28 ரயர் இடுக்கில மாட்டும். கேற் இல்லாத கடவை கனக்க இருக்கு, அதில குறூப்பே நிண்டு ரெண்டு பக்கமும் பாத்துத்தான் போகவேணும்.

ரெண்டு பேர் சோடியா ஓடுறது விடியப்புறம் வெறும் றோட்டில மட்டும். ஏழு மணிக்குப் பிறகு பள்ளிக்கூட வான், பஸ்சுக்குப் பஸ் போட்டி போடுற தனியார் பஸ், எல்லாம் வந்திடும், ஒத்தை வரிசைக்கு மாறுங்கோ. நல்லூர்த் திருவிழா இருபத்தஞ்சு நாளும் கோயிலைச் சுத்தின றோட்டுகள் மறிச்சிருக்கும், அந்த நாளையில ஒண்டு கூடுற இடத்தை மாத்துறதுதான் வழமை.

முன்னுக்கு இழுக்கிற முறை உங்களுக்கு வந்தா ஒரு நிமிசம் இழுத்துப்போட்டு விலகுங்கோ. கெட்டித்தனம் காட்ட வேகத்தைக் கூட்டாதேங்கோ, மீற்றரில 28 எண்டா நீங்கள் முன்னுக்குப் போனாலும் 28 தான். களைச்சுப் போனியள் எண்டா முன்னுக்குப் போகவே தேவையில்லை, "நான் பின்னால நிக்கிறன்" எண்டு சொல்லுங்கோ, ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம்.

காத்து

கண்டிக்காரருக்கு மலை எப்பிடியோ எங்களுக்குக் காத்து அப்பிடி. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் தென்மேற்கால அடிக்கும், மாரி தொடங்க வாடை வடகிழக்கால. நீங்கள் 30 இல போக எதிர்க் காத்து 20 இல வந்தா உங்கட நெஞ்சில படுறது 50. காத்துத் தடை வேகத்தின்ட வர்க்கத்தோட கூடும், அதால ரெண்டு கிலோமீற்றர் வேகம் கூட்ட நினைச்சே ஆள் முடிஞ்சு போவான். எதிர்க் காத்தில மீற்றரைப் பாக்கிறதை விட்டு, மூச்சைப் பாத்து ஓடுங்கோ.

போகேக்க எதிர்க் காத்து, வரேக்க தள்ளுற காத்து, இதுதான் எந்த றோட்டால போறது எண்டு முடிவெடுக்கிற ஒரே சட்டம். சோளகக் காலத்தில பண்ணையால தீவுப் பக்கம் போனா போகேக்க கஷ்டம், வரேக்க சுகம். அதே காலத்தில காங்கேசன்துறைக்குப் போனா போகேக்கப் பறந்து போய், திரும்பி வரேக்க சுன்னாகத்தடியில சத்தியெடுக்க வரும். வாடைக்குப் பருத்தித்துறை றோட்டு நல்லது, கஷ்டம் முதல் பாதியோட முடிஞ்சிடும். விடியக் காத்துக் குறைவு, எட்டு மணிக்குப் பிறகுதான் எழும்பும், அதையும் கணக்கில எடுங்கோ.

பக்கக் காத்து இன்னொரு படிப்பு. பாலங்களில மறைப்பு ஒண்டும் இல்லை, ரெண்டு பக்கமும் கடல். காத்து வலப்பக்கத்தால வந்தா முன்னால போறவருக்கு இடப்பக்கத்தில, கொஞ்சம் பின்னால நிண்டாத்தான் மறைப்புக் கிடைக்கும், இடப்பக்கத்தால வந்தா வலப்பக்கம் நிக்கவேணும். ரீவியில ரூர் து பிரான்ஸ் ஓட்டக்காரர் றோட்டு முழுக்க விசிறி மாதிரி விரிஞ்சு போறது இதுக்குத்தான். அவைக்கு றோட்டு மூடிக் குடுத்திருக்கு. எங்களுக்கு, சோளகத்தில பொன்னாலையால காரைநகர் போகேக்க காத்து இடப்பக்கத்தால வரும், மறைப்புத் தேடி வலப்பக்கம் விரிஞ்சா பஸ்சுக்குள்ள போகவேணும். அதில மறைப்பை மறந்திட்டு ஒத்தை வரிசையில, இடைவெளி விட்டு ஓடுங்கோ. பஸ் ஒண்டு விலத்திப் போகேக்க காத்து ஒரு கணம் நிண்டு திரும்ப அடிக்கும், ஹாண்டிலை இறுக்காமல் முழங்கையை மடிச்சு வைச்சிருந்தா சைக்கிள் தானா நேராகும்.

வெயில், தண்ணி, சாப்பாடு

ஒரு மணித்தியாலத்துக்குக் குறைஞ்ச ஓட்டத்துக்குத் தண்ணி மட்டும் காணும். அதுக்கு மேல எண்டா மணிக்கு அரை லீற்றரில இருந்து முக்கால் லீற்றர், சித்திரை வைகாசியில அதுக்கும் மேல. ரெண்டு மணித்தியாலத்தைத் தாண்டினா வெறும் தண்ணி காணாது, உப்பும் வேணும், பாமசியில விக்கிற ஜீவனிப் பைக்கற்றை அதில எழுதியிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சு ஒரு போத்தலில வைச்சிருங்கோ. மணிக்கு 30 இல இருந்து 60 கிராம் மாச்சத்து உள்ளுக்குப் போகவேணும், நடுத்தர வாழைப்பழம் ஒண்டில 25 கிராம் மட்டில இருக்கு. வெளிநாட்டு ஜெல்லுக்குக் காசு குடுக்கிறவை குடுக்கட்டும், பனங்கட்டிக் குட்டான் ஒண்டை உடைச்சுப் பைக்குள்ள வைச்சா அதே வேலையை அது செய்யும், எள்ளுருண்டையும் நல்லது, ஆனா எதிர்க் காத்தில சப்பேலாது. பசிக்க முதல் சாப்பிடுங்கோ. பசி வந்தா அண்டைக்கு ஓட்டம் முடிஞ்சுது.

முட்டப் புட்டுச் சாப்பிட்டுட்டு வெளிக்கிடாதேங்கோ. ஓடி முடிச்சு வந்து சாப்பிடுங்கோ, அதுக்குத்தானே ஓடுறது.

சேருறது

பிடிச்சுக்கொண்டா, பதிவு செய்த கழகம் எண்டா அங்கத்துவப் போம், அடையாள அட்டைக் கொப்பி, படம், சந்தாக் காசு, இவ்வளவுதான். பதினெட்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள் எண்டா அம்மா அப்பாவின்ட கையெழுத்துக் கேக்கவேணும், கேக்காத கழகத்தில பிள்ளையை விடாதேங்கோ. சந்தாக் காசு எதுக்குப் போகுது எண்டு கேளுங்கோ, பற்றுச்சீட்டு வாங்குங்கோ, ஜேசிக்கு எண்டு பெரிய தொகை முதலே கேட்டா கொஞ்சம் பொறுங்கோ. நாப்பது வயசுக்கு மேல உள்ளவை, பிறசர், சீனி, நெஞ்சு வருத்தம் உள்ளவை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டிப்போட்டுச் சேருங்கோ.

தங்கச்சிமாருக்கு ஒண்டு: கட்டைச் சோட்ஸ் போடவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. பாட் வைச்ச சோட்சை உள்ளுக்குப் போட்டு மேல லெகின்ஸ் போட்டு ஓடலாம், சீற் மட்டும் பெண்களுக்கு எண்டு உள்ள அகலமானதை மாத்துங்கோ, அதில மிச்சம் பிடிக்காதேங்கோ. ஒண்டுக்கு ரெண்டு பேராச் சேந்தா வீட்டிலயும் விடுவினம்.

ரூர்

முதல் ரூருக்கு நான் சொல்லுறது தீவுச் சுத்து. பண்ணையால வேலணை, ஊர்காவற்றுறை போய், அங்க பாதையில (கடலைக் கடக்கிற மிதவையை எங்கட ஆக்கள் பாதை எண்டுதான் சொல்லுறது) சைக்கிளை ஏத்திக் காரைநகர் இறங்கி, பொன்னாலை, வட்டுக்கோட்டையால ரவுணுக்கு வரலாம், அம்பது கிலோமீற்றரை ஒட்டி வரும். பாதையில நிக்கேக்கக் கடலுக்கு நடுவில ஹம்மன்ஹீல் கோட்டை தெரியும். பாதை ஓடுதோ எண்டு முதல் நாள் ஆரிட்டயாவது கேட்டுப்போட்டு வெளிக்கிடுங்கோ, திருத்த வேலை எண்டு நிப்பாட்டியிருந்தா போன வழியாலதான் வரவேணும்.

அடுத்தது குறிகட்டுவான், போக ஒரு முப்பது, வர ஒரு முப்பது. வாணர் பாலத்தில காத்தைப் பற்றி மேல சொன்னதெல்லாம் ஞாபகம் வைச்சிருங்கோ. அதுக்குப் பிறகு நூறு. நாவற்குழியால திரும்பி, கேரதீவு, 2011 இல திறந்த சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, பரந்தன், ஆனையிறவு, ஏ9 ஆல வீட்ட. பூநகரி பரந்தன் றோட்டில கடையும் நிழலும் குறைவு, தண்ணியை நிரப்பிக்கொண்டு போங்கோ.

கனபேரின்ட கனவு பருத்தித்துறையில இருந்து தெய்வேந்திரமுனை, நாட்டின்ட ஒரு நுனியில இருந்து மற்ற நுனி, அஞ்சு நாள் ஆறு நாள் வைச்சு ஓடினா ஊரும் பாக்கலாம். நுவரெலியா வழியப் போக ஆசைப்படுறவை கவனம், 1,868 மீற்றர் உயரம், யாழ்ப்பாணத்தில ஏற்றம் பழக ஒரு மேம்பாலம் கூட ஒழுங்கா இல்லை. பின் கியர் 32 பல் உள்ளதாப் போட்டுக்கொண்டு போங்கோ, 25 பல்லோட போனா தள்ளிக்கொண்டுதான் ஏறவேணும். திரும்பி ரெயினில வாறதெண்டா சைக்கிளைப் பார்சலாப் போடுற விபரத்தை ஸ்ரேசனில முதல் நாளே கேளுங்கோ.

விழுந்தா

1990 க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை, 2018 இல இருந்து யாழ்ப்பாணத்திலயும் ஓடுது. தலை அடிபட்டவரை, கழுத்து நோகுது எண்டவரை ஓட்டோவில தூக்கிப் போடாதேங்கோ. பின்னால வாற வாகனத்தை மறிக்க ஒருத்தர் அம்பது மீற்றர் பின்னுக்குப் போய் லைற்றோட நிக்கவேணும், இதை எல்லாரும் மறந்துபோயிடுவினம். வாகனத்தோட மோதினது எண்டா நம்பரைப் படம் எடுத்து, பொலிசில முறைப்பாடு போடுங்கோ, "சின்னக் காயம்தானே, விடுங்கோ தம்பி" எண்டு சமாளிக்க வருவினம், பிறகு நோ வந்தா ஒண்டும் செய்யேலாது. பேர், இரத்த வகை, வீட்டு நம்பர் எழுதின துண்டொண்டை ஹெல்மெற்றுக்குள்ள ஒட்டி வைச்சிருங்கோ. வெடிச்ச ஹெல்மெற்றைத் திரும்பப் போடாதேங்கோ.

றேஸ்

ஊர் றேசில இருந்து தொடங்குங்கோ. சில இடத்தில கியர் இல்லாத சாதாரண சைக்கிளுக்கு எண்டு தனிப் பிரிவு வைப்பினம், அதில உழக்கிப் பழகின கால் பிறகு எதுக்கும் நிக்கும். அரசாங்கப் போட்டியள் பிரதேசம், மாவட்டம், மாகாணம், பிறகு தேசிய விளையாட்டு விழா எண்டு படிப்படியாப் போகும், கழகத்தாலயும் பிரதேச செயலகத்தாலயும்தான் பேர் குடுக்கவேணும், அதாலதான் பதிவு செய்த கழகம் பற்றி மேல சொன்னது. யூசிஐ கணக்கில 17, 18 வயசு ஜூனியர், 19 இல இருந்து 22 வரைக்கும் இருபத்துமூண்டுக்குக் கீழ, வயசைப் பிறந்த ஆண்டை வைச்சுத்தான் பாக்கிறது. உள்ளூர் போட்டியில வேற மாதிரிப் பிரிப்பினம், அறிவித்தலை வடிவா வாசியுங்கோ.

ஹெல்மெற் இல்லாமல் வரிசையில நிக்க விடமாட்டினம். 2003 இல பரிஸ் நீஸ் றேசில கசகஸ்தான் ஓட்டக்காரர் அந்திரே கிவிலெவ் தலை அடிபட்டு இறந்த பிறகுதான் யூசிஐ அதைக் கட்டாயமாக்கினது, அதுக்கு முதல் பெரிய ஆக்களே தொப்பியோட ஓடினவை.

பயிற்சிக்குக் கிழமையில ஒரு நீட்டு ஓட்டம், ஒரு கெதி ஓட்டம் (அஞ்சு நிமிசம் உயிர் போற மாதிரி, அஞ்சு நிமிசம் ஆறுதலா, நாலு அஞ்சு தரம்), ரெண்டு லேசான ஓட்டம், மிச்ச நாள் ஓய்வு. ஒவ்வொரு நாளும் கெதியா ஓடுறவை மூண்டு மாசத்தில தேஞ்சு போயிடுவினம். மாசத்துக்கு ஒருக்கா ஒரே றோட்டில, காத்தில்லாத விடியப்புறத்தில, இருபது நிமிசம் முழுப் பலத்தோட ஓடித் தூரத்தைக் குறிச்சு வையுங்கோ, கூடுதோ குறையுதோ எண்டு அதில தெரியும்.

முதல் றேசில வெல்ல நினைக்காதேங்கோ. கூட்டத்தில முன் மூண்டில ஒரு பங்குக்குள்ள நிக்கப் பாருங்கோ, பின்னுக்கு நிண்டா ஒவ்வொரு சந்தித் திருப்பத்திலயும் பிறேக் பிடிச்சுத் திரும்ப விரட்டவேணும், அதிலயே கால் போயிடும். முதல் கிலோமீற்றரிலயே ஒருத்தன் தனியப் பாய்ஞ்சு போவான், போகட்டும், எதிர்க் காத்தில அவன் தானா வருவான். கடைசி 200 மீற்றர் வரைக்கும் ஆருக்காவது பின்னால ஒளிச்சு நில்லுங்கோ, தள்ளுற காத்து எண்டா கொஞ்சம் முந்தித் தொடங்கலாம், எதிர்க் காத்து எண்டா இன்னும் பிந்தி. கோட்டுக்குக் கிட்ட நேரா ஓடுங்கோ, மற்றவையை வெட்டினா வெண்டாலும் பறிச்சுப்போடுவினம்.

முதல் நாள் இரவே நம்பரைக் குத்தி வைச்சு, ரயரைத் தடவிப் பாத்துக் கண்ணாடித் துண்டு இருந்தா எடுத்துவிடுங்கோ. புது ரயர், புதுச் சப்பாத்து, புதுச் சாப்பாடு ஒண்டும் றேஸ் அண்டைக்கு வேண்டாம். முடிஞ்ச பிறகு றிசல்ற் வாற வரைக்கும் நில்லுங்கோ, உங்கட நம்பர் இல்லாட்டி, இடம் பிழை எண்டா அந்த இடத்திலயே நடுவரிட்ட எழுதிக் குடுக்கவேணும், வீட்ட போய் இருந்து போன் எடுத்தா ஒண்டும் நடக்காது.